ரொறன்ரோவில் மஞ்சள் வெங்காயம்: விதை போடுவது முதல் சம்பல் கிண்டுவது வரை

ஒன்ராறியோக் கடைகளில் ‘குக்கிங் ஆனியன்’ என்ற பெயரில் 3 இறாத்தல், 10 இறாத்தல் பைகளில் கிடைக்கும் மஞ்சள் தோல் வெங்காயத்தை எங்கள் ஆட்கள் தோட்டத்தில் அதிகம் வைப்பதில்லை. தக்காளி, மிளகாய், கத்தரிக்கு இடம் ஒதுக்கிய பிறகு மிச்சமிருக்கும் மூலையில் கீரை போடுவார்கள். வெங்காயம் மலிவுதானே, அதற்கு எதற்கு நிலம் என்ற எண்ணம். ஆனால் இந்தக் குறுகிய கோடையில் விளைந்து, பிரீசரும் போத்தலும் இல்லாமல் அடுத்த மார்ச் வரை கெடாமல் இருக்கக்கூடிய பயிர்கள் கொஞ்சம்தான். மஞ்சள் வெங்காயம் அவற்றில் முதல் வரிசை. ஒரு சதுர மீற்றர் பாத்தி, 10 இறாத்தல் பை ஒன்றுக்குச் சமமான வெங்காயம் தரும். தென் ஒன்ராறியோவில் முதல் தடவை இதை வளர்க்க நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

தொடங்கும் முன் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இது சேமிப்பதற்கென்றே தேர்ந்தெடுத்து வளர்த்த வெங்காயம். நீர் குறைவு, சதை இறுக்கம், கந்தகம் அதிகம், அதனால் உறைப்பும் அதிகம். கண்ணைக் கரிக்க வைக்கும் இதே குணங்கள்தான் அது நாள்பட இருப்பதற்கும் சமையலில் ஆழமான சுவை தருவதற்கும் துணை நிற்கின்றன. தோட்டத்தில் நாம் செய்யும் வேலையெல்லாம் அந்த இறுக்கத்தைக் கெடுக்காமல் பார்த்துக்கொள்வதுதான்.

ஊர் விதை இங்கே சரிவராது

வெங்காயம் எப்போது குமிழ் கட்ட வேண்டும் என்பதைப் பகலின் நீளம் தீர்மானிக்கிறது. தமிழ்நாட்டிலும் யாழ்ப்பாணத்திலும் ஆண்டின் மிக நீண்ட பகல்கூட 13 மணி நேரத்தைத் தொடாது. அங்கே விளையும் வகைகள் 11, 12 மணி நேரப் பகலிலேயே குமிழ் கட்டப் பழகியவை. ரொறன்ரோ 43.7 பாகை வடக்கில் இருக்கிறது. மே முதலாம் திகதியே இங்கே பகல் 14 மணி நேரம். ஜூன் 21 அளவில் அது 15 மணி 26 நிமிடத்துக்கு வந்துவிடும். ஊரிலிருந்து வந்த பெரிய வெங்காய விதையை இங்கே போட்டால், நாலைந்து இலை விடுவதற்குள் நாள் நீண்டுவிட்டது என்று எண்ணிக் குமிழ் கட்டத் தொடங்கும். 2, 3 சென்ரிமீற்றரோடு நின்றுவிடும். விதை பழுதில்லை, இடம்தான் பொருந்தவில்லை.

எனவே விதைப் பொதியில் ‘லோங் டே’ என்று போட்டிருப்பதை மட்டும் வாங்குங்கள். அவை 14 முதல் 16 மணி நேரப் பகல் வந்த பிறகே குமிழ் கட்டும். அதற்குள் இலை நிறைய வந்துவிடும். ஒவ்வோர் இலையின் அடிப்பகுதியும் தடித்துத்தான் குமிழுக்குள் ஒரு வளையமாகிறது. ஜூன் தொடக்கத்தில் எத்தனை இலை இருக்கிறதோ, அதுதான் ஓகஸ்டில் வரப்போகும் வெங்காயத்தின் அளவைச் சொல்லும். வெங்காயம் சின்னதாக வந்துவிட்டதே என்று ஓகஸ்டில் கவலைப்படுவதில் பயனில்லை. அதற்கான வேலையெல்லாம் மே மாதத்தோடு முடிந்துவிடுகிறது.

வகைகளில் என் தெரிவு பாட்டர்சன். முன்பு கோப்ரா என்ற கலப்பின வகைதான் சேமிப்புக்குப் பேர் போனது. அந்த விதை சந்தையிலிருந்து போன பிறகு அதன் இடத்தைப் பாட்டர்சன் பிடித்துக்கொண்டது. நடுத்தர அளவு, மெல்லிய கழுத்து, இறுகிய தோல். நாற்று நட்டதிலிருந்து ஏறக்குறைய 100 நாட்களில் முற்றும். கலப்பினம் வேண்டாம், விதை எடுத்து வைக்க வேண்டும் என்பவர்கள் நியூயோர்க் ஏர்லி போன்ற பழைய வகைகளைப் பார்க்கலாம். பெரிதாக வருகிறதே என்று எய்ல்சா கிரெய்க், வாலா வாலா போன்றவற்றை வாங்கிவிடாதீர்கள். இரண்டும் நல்ல சுவைதான், ஆனால் நீர் அதிகம். அவற்றை மார்ச் வரை வைத்திருக்க முடியாது.

வெங்காய விதை சீக்கிரம் வீரியம் இழக்கும். போன வருட மிச்சத்தில் பாதிதான் முளைக்கும் என்று வைத்துக்கொண்டு ஒவ்வொரு வருடமும் புதுப் பொதி வாங்குவது நல்லது. ஒரு கிராமில் ஏறத்தாழ 250 விதை இருக்கும். ஒரு குடும்பத்துக்கு அதுவே அதிகம்.

விதையா, குட்டி வெங்காயமா?

ஏப்ரலில் தோட்டக் கடைகளில் வலைப் பைக்குள் குட்டி வெங்காயம் வைத்திருப்பார்கள். ‘ஆனியன் செற்ஸ்’ என்பது அதுதான். பெரும்பாலும் ஸ்டுட்கார்ட்டர் என்ற தட்டையான ஜெர்மன் வகை. மண்ணில் குத்தி வைத்தால் போதும் என்பதால் புதியவர்களுக்கு ஆசை வரும். வேலை சுலபம் என்பது உண்மைதான். ஆனால் அவை ஏற்கெனவே ஒரு கோடை வளர்ந்து உறங்கிய செடிகள். நட்ட பிறகு குளிர் அடித்தால் குமிழ் கட்டுவதை விட்டுப் பூத்தண்டு விடும். பூத்தண்டு வந்த வெங்காயத்தின் நடுவில் கட்டையான காம்பு ஓடும். அதைச் சேமிக்க முடியாது, உடனே சமைக்க வேண்டியதுதான்.

குட்டி வெங்காயத்தோடுதான் தொடங்குவேன் என்றால் பைக்குள் தெரிவு செய்யுங்கள். 2 சென்ரிமீற்றருக்கும் குறைந்த குறுக்களவு உள்ளவற்றைக் குமிழுக்கு வையுங்கள். பெரியவற்றை நெருக்கமாக நட்டு, வெங்காயத் தாளாகப் பிடுங்கிச் சாப்பிடுங்கள். மார்ச் வரை வைத்திருப்பதுதான் நோக்கம் என்றால் விதையே சரி.

பெப்ரவரி கடைசியில் தட்டு

பெப்ரவரி நடுப்பகுதிக்கும் மார்ச் முதல் வாரத்துக்கும் இடையில் வீட்டுக்குள் விதை போடுங்கள். 10 சென்ரிமீற்றர் ஆழமான எந்தத் தட்டும் போதும், அடியில் துளை இருக்க வேண்டும். விதை முளைப்பிக்கும் கலவையை நனைத்து நிரப்பி, விதைகளை அரை அங்குல இடைவெளியில் தூவி, 1 சென்ரிமீற்றர் கலவையால் மூடுங்கள். 20 முதல் 25 பாகை வெப்பத்தில் ஒரு வாரம், பத்து நாளில் முளைக்கும். குளிர்ந்த பேஸ்மென்டில் இரண்டு வாரமும் ஆகலாம். முளை முதலில் மடித்த ஊசியாக வெளியே வந்து பிறகு நிமிரும். அதை நேராக்கப் போய்க் கை வைக்க வேண்டாம்.

யன்னல் வெளிச்சம் பெப்ரவரியில் போதாது. நாற்றுக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் எல்.ஈ.டி. விளக்கு ஒன்று வையுங்கள். ஆனால் நாள் முழுக்க எரிய விட வேண்டாம், 12 மணி நேரம் போதும். மிளகாய் நாற்றுக்கு 16 மணி நேரம் விளக்குப் போடுகிறவர்கள் அதே விளக்கின் கீழ் வெங்காயத்தையும் வைத்தால், அது நீண்ட பகலென்று நினைத்துத் தட்டிலேயே குமிழ் கட்ட முயலும்.

நாற்று 12, 13 சென்ரிமீற்றர் உயர்ந்து சாயத் தொடங்கும்போது கத்தரிக்கோலால் 8 சென்ரிமீற்றருக்கு வெட்டிவிடுங்கள். வெட்டிய நுனிகளை ஒம்லெற்றில் போடலாம். நடும் வரை இரண்டு, மூன்று தடவை இப்படி வெட்டலாம். தண்டு தடித்து நிற்கும்.

இடம் குறைந்தவர்களுக்கு ஒரு சுருக்கு வழி உண்டு. குழித் தட்டில் ஒரு குழிக்கு நான்கைந்து விதை போட்டு, நாற்றைப் பிரிக்காமல் கொத்தாகவே 25 முதல் 30 சென்ரிமீற்றர் இடைவெளியில் நடுங்கள். வளர வளர அவை ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வட்டமாக விரியும். குமிழ் கொஞ்சம் சிறிதாக வந்தாலும் களையெடுப்பது பாதியாகக் குறையும். வேலைக்குப் போய்வருகிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

மண்ணும் நடுகையும்

ரொறன்ரோவிலிருந்து 50 கிலோமீற்றர் வடக்கே, பிராட்போர்ட் ஊரை ஒட்டி ஹொலண்ட் மார்ஷ் என்ற சமவெளி இருக்கிறது. நெடுஞ்சாலை 400-ல் பரி பக்கம் போகிறவர்கள் அந்தக் கரிய வயல்களைப் பார்த்திருப்பீர்கள். 1920-களின் கடைசியில் நீரை வடித்து மீட்ட சதுப்பு நிலம். 1954 ஒக்ரோபரில் ஹேசல் சூறாவளி வந்தபோது முழுக்க வெள்ளத்துக்குள் போய், மறுபடி மீட்கப்பட்டது. கரட்டும் மஞ்சள் வெங்காயமும்தான் அங்கே முக்கியப் பயிர். உக்கிய தாவரங்களால் ஆன கரிமண், பொலபொலவென்று இருக்கும். ஈரத்தைப் பிடித்து வைக்கும், குமிழ் பருக்கும்போது தடுக்காது. ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் எங்கள் வீடுகளுக்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் களிமண். அதை ஹொலண்ட் மார்ஷ் மண்ணாக்க முடியாவிட்டாலும், 20 சென்ரிமீற்றர் உயர்த்திய பாத்தியில் நன்றாக உக்கிய கூட்டெருவை 5 சென்ரிமீற்றர் தடிப்பில் பரப்பிக் கொத்திவிட்டால் வெங்காயத்துக்குப் போதும். புது எரு போட வேண்டாம். மண்ணின் அமிலகாரச் சுட்டெண் (pH) 6-க்கும் 7-க்கும் இடையில் இருக்கட்டும். முழு வெயில் கட்டாயம்.

தக்காளியும் மிளகாயும் வைக்க, மே பிற்பகுதியில் வரும் விக்டோரியா தின வார இறுதி வரை காத்திருப்போம். வெங்காயத்துக்கு அந்தக் காத்திருப்பு வேண்டாம். ஏப்ரல் கடைசியில், மண் கையில் ஒட்டாத பதத்துக்கு வந்தவுடன் நடுங்கள். அதற்கு முதல் ஒரு வாரம் தட்டைப் பகலில் வெளியே வைத்து எடுத்துப் பழக்குங்கள். இலேசான உறைபனி அதை ஒன்றும் செய்யாது. ஆனால் பென்சில் தடிப்புக்கு மேல் வளர்ந்த நாற்றைக் கடும் குளிருக்குள் வைத்தால் பூத்தண்டு ஆபத்து வரும். நாற்று அதைவிட மெலிதாக இருப்பதே நல்லது.

செடிக்குச் செடி 10 சென்ரிமீற்றர், வரிசைக்கு வரிசை 30 சென்ரிமீற்றர். அந்தக் கணக்கில் ஒரு சதுர மீற்றருக்கு ஏறக்குறைய 33 செடி. 2, 3 சென்ரிமீற்றர் ஆழம் போதும். ஆழமாகப் புதைத்தால் கழுத்து தடிக்கும். கழுத்து தடித்தால் காயாது, காயாத வெங்காயம் நிற்காது. அறுவடை வரை இந்தக் கழுத்தைப் பற்றித்தான் திரும்பத் திரும்பப் பேசப்போகிறேன்.

மே, ஜூன், ஜூலை

வெங்காயத்தின் வேர் ஆழம் போகாது, மேல்மண்ணிலேயே சுற்றும். இலையோ குழல்போல் நிமிர்ந்து நிற்பதால் மண்ணுக்கு நிழல் விழாது. இந்த இரண்டாலும் களைக்கு முன் அது நோஞ்சான். மே, ஜூனில் வாரம் ஒரு தடவையாவது களை பிடுங்குங்கள். மண்வெட்டியால் கொத்தினால் வேர் அறுந்துபோகும், மேலாகச் சுரண்டுங்கள். பிறகு வரிசைகளுக்கு இடையே வைக்கோலோ உலர்ந்த புல்லோ மெல்லிதாகப் போட்டு, கழுத்தை ஒட்டிய இடத்தை வெறுமையாக விடுங்கள்.

தண்ணீர், மழையையும் சேர்த்து வாரத்துக்கு 2.5 சென்ரிமீற்றர். காலையில் அடிப்பக்கமாக விடுங்கள். இலையில் ஈரம் தங்கினால் பூஞ்சை பிடிக்கும்.

பசளையில் நைதரசன்தான் முக்கியம். நட்டு மூன்று வாரம் கழித்துத் தொடங்கி, இரண்டு, மூன்று வாரத்துக்கு ஒரு தடவை கொஞ்சம் கோழி எருக் குருணையோ பிளட் மீல் என்ற உலர்ந்த இரத்தத் தூளோ வரிசைக்குப் பக்கத்தில் தூவுங்கள். குமிழ் பருக்கத் தொடங்குவதை, கழுத்தைச் சுற்றி மண் வெடித்து விலகுவதை வைத்துக் கண்டுபிடிக்கலாம். இங்கே அது ஜூன் கடைசி அளவில் நடக்கும். அதோடு பசளையை நிறுத்துங்கள். ஜூலையில் நைதரசன் போட்டால் செடி இலை விட்டுக்கொண்டே இருக்கும். கழுத்து மூடாது. ஆசையில் இன்னும் ஒரு பிடி போடுவதுதான் சேமிப்பு வெங்காயத்தைக் கெடுக்கும் முதல் காரியம். வெங்காயம் மண்ணுக்கு மேலே பாதி தெரிந்தால் மண் அணைக்க வேண்டாம், அப்படியே விடுங்கள்.

பூச்சிகளில் பெரிய தொல்லை வெங்காய ஈ. மே மாதத்தில் செடியின் அடியில் முட்டையிடும், வெண்புழு குமிழைத் துளைக்கும். நட்ட அன்றே மெல்லிய பாத்தித் துணியால் மூடி, ஓரத்தில் மண் போட்டு அடைத்துவிட்டால் ஈ உள்ளே வராது. 1993-ல் ஒட்டாவாப் பகுதியில் முதலில் காணப்பட்ட லீக்ஸ் அந்துப்பூச்சிக்கும் இதே துணிதான் மருந்து. வெயில் கடுமையான ஜூலையில் இலையில் வெள்ளிக் கீறல்கள் தெரிந்தால் இலைப்பேன். தண்ணீரைப் பீய்ச்சி அடித்தால் குறையும். உள்ளியோ வெங்காயமோ லீக்ஸோ இருந்த இடத்தில் மூன்று, நான்கு வருடத்துக்கு மறுபடி வெங்காயம் வைக்க வேண்டாம். வேரடியில் பஞ்சுபோல் வெள்ளைப் பூஞ்சையும் கடுகைவிடச் சிறிய கறுப்பு மணிகளும் கண்டால் அது வெள்ளையழுகல். அந்த மணிகள் மண்ணில் 20 வருடம்கூட உயிரோடு கிடக்கும். அந்தச் செடிகளைக் கூட்டெருக் குவியலில் போடாமல் குப்பையில் போடுங்கள்.

சாயும் வரை பொறுமை

ஓகஸ்ட் தொடக்கத்திலிருந்து கழுத்து தளர்ந்து இலைகள் தானாகச் சாயும். முதல் சில செடிகள் சாய்ந்ததும் தண்ணீரை அடியோடு நிறுத்துங்கள். காலால் மிதித்துச் சாய்க்கும் பழக்கம் சிலரிடம் உண்டு, அது வேண்டாம். தானாகச் சாயும் கழுத்து உள்ளே வெறுமையாகி மூடிக்கொள்ளத் தயாராகிவிட்டது. நாம் ஒடிக்கும் கழுத்து காயம். சேமிப்பில் வரும் கழுத்தழுகல் பூஞ்சை பச்சைக் கழுத்து வழியாகத்தான் உள்ளே போகிறது. அறுவடையின்போது வெளியே ஒன்றும் தெரியாது. இரண்டு, மூன்று மாதம் கழித்து, நவம்பரில் கையில் எடுக்கும்போதுதான் மேற்பக்கம் மெத்தென்று அமுங்கும்.

பாதிக்கு மேல், மூன்றில் இரண்டு பங்கு வரை சாய்ந்த பிறகு, மழையில்லாத இரண்டு, மூன்று நாட்களைப் பார்த்துப் பிடுங்குங்கள். தோட்டத்து முள்கரண்டியால் அடியில் நெம்பி எடுத்தால் குமிழ் அடிபடாது. வாளிக்குள் எறியாமல் அடுக்குங்கள். அடிபட்ட இடம் அழுகும்.

அடுத்தது உலர்த்தல். அறுவடை முடிந்துவிட்டது என்று பலர் அவசரப்படும் இடம் இதுதான், ஆனால் மார்ச் வரை நிற்குமா இல்லையா என்பது இங்கேதான் முடிவாகிறது. மண்ணைத் தட்டிவிட்டு, கழுவாமல், இலையையும் வேரையும் வெட்டாமல், காற்றோட்டமான நிழலில் ஒற்றை அடுக்காகப் பரப்புங்கள். கராஜில் கம்பி வலையோ பழைய யன்னல் வலைச் சட்டமோ செங்கல்மேல் வைத்து, அதன்மேல் பரப்பினால் அடியிலும் காற்றுப் போகும். சின்ன மின்விசிறி ஒன்றைப் பக்கத்தில் ஓடவிடுங்கள். 24 முதல் 30 பாகை வெப்பம் நல்லது, ஓகஸ்டில் கராஜில் அது தானாகவே கிடைக்கும். ஓகஸ்ட் வெயிலில் நேரடியாகக் காயப்போட்டால் குமிழ் வெந்து வெள்ளைத் தழும்பு விழும்.

இரண்டு, மூன்று வாரம் செல்லும். கழுத்தை இரு விரலுக்கு நடுவில் வைத்து உருட்டிப் பாருங்கள். உள்ளே ஏதாவது வழுக்கினால் இன்னும் ஈரம் இருக்கிறது. காகிதம்போல் நசுங்கி, ஒட்டிக்கொண்டு, வெளித்தோல் சரசரத்தால் ஆயிற்று. அப்போது கழுத்தை 3 சென்ரிமீற்றர் விட்டு வெட்டி, வேரையும் நறுக்குங்கள்.

அங்கேயே தரம் பிரித்துவிடுங்கள். கழுத்து தடித்தவை, அடிபட்டவை, பூத்தண்டு விட்டவை, தோல் உரிந்தவை எல்லாம் சமையலறைக்கு, ஒக்ரோபருக்குள் முடியுங்கள். மெல்லிய கழுத்தும் முழுத் தோலும் உள்ளவை மட்டும் சேமிப்புக்கு.

குளிர்காலம் முழுக்க வைத்திருக்க

வேண்டியது 0 முதல் 4 பாகை வெப்பநிலை, 65 முதல் 70 வீத ஈரப்பதன், இருட்டு, காற்று. ஒன்ராறியோவின் பல வீடுகளில் முன்வாசல் படிக்குக் கீழே பேஸ்மென்டில் ஒரு கோல்ட் ரூம் இருக்கும். பழைய பெட்டிகளை அடைக்கும் அந்த அறைதான் இதற்குப் பொருத்தம். சில கோல்ட் ரூம்கள் ஈரம் கசியும். ஈரமானியோடு வரும் மலிவான வெப்பமானி ஒன்றை வாங்கி ஒரு வாரம் வைத்துப் பாருங்கள். ஈரம் கூடுதலாக இருந்தால் காற்றுத்துளையைத் திறந்துவிட்டு, தரையிலிருந்து உயர்த்தி வலைப் பையில் தொங்கவிடுங்கள். பிளாஸ்ரிக் பை கூடவே கூடாது. வெப்பமில்லாத கராஜ் நவம்பர் வரை சரி, ஜனவரியில் வெங்காயம் உறைந்து கூழாகிவிடும்.

ஒரு விசித்திரம். வெங்காயம் மிக வேகமாக முளைப்பது 10 முதல் 20 பாகைக்குள்தான். கடும் குளிரிலும் தூங்கும், 25 பாகைக்கு மேலான உலர்ந்த சூட்டிலும் தூங்கும். ஊரில் பரணில் கட்டித் தொங்கவிட்ட வெங்காயம் மாதக்கணக்கில் இருந்தது அதனால்தான். எங்கள் பேஸ்மென்டின் 15 பாகைதான் இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட மோசமான இடம். அடுக்குமாடியில் இருப்பவர்கள் வீட்டில் எது மிகக் குளிர்ந்த, உலர்ந்த அலுமாரியோ அதில் வைத்து, கிறிஸ்மஸ் அளவுக்குள் முடிக்கப் பாருங்கள்.

உருளைக்கிழங்கோடு சேர்த்து வைக்காதீர்கள். கிழங்குக்கு ஈரக்காற்று வேண்டும், வெங்காயத்துக்கு உலர்ந்த காற்று. இரண்டு கிழமைக்கு ஒரு தடவை பையைத் தடவிப் பார்த்து, மெத்தென்றதை எடுத்துவிடுங்கள்.

அடுப்படியில்

கடைகளில் ‘ஸ்வீட் ஆனியன்’ என்று கூடுதல் விலைக்கு விற்பதில் சீனி அதிகம் என்று நினைப்போம். அப்படியில்லை. ஜோர்ஜியா மாநிலத்து விடேலியாபோன்ற வெங்காயங்களில் கந்தகம் குறைவு, நீர் அதிகம். உறைப்பு மறைக்காததால் இனிப்புத் தெரிகிறது. மஞ்சள் சேமிப்பு வெங்காயத்தில் சீனி அதே அளவோ அதற்கு மேலோ இருக்கும். சூடு பட்டு உறைப்பு போனதும் அது வெளியே வரும். பச்சையாகச் சாப்பிட விடேலியா, நேரமெடுத்து வதக்க மஞ்சள் வெங்காயம். தயிர்ப் பச்சடிக்கு இதை நான் போடமாட்டேன். வேறு இல்லையென்றால் மெல்லிதாக வெட்டி, பதினைந்து நிமிடம் குளிர்ந்த நீரில் ஊறவைத்துப் பிழிந்து போடுங்கள். சாம்பாரில் சின்ன வெங்காயத்துக்கு ஈடாகவும் வராது, இதழ் இதழாகப் பிரிந்து மிதக்கும்.

கண் எரிவதற்கு, வெட்டும்போது உடையும் கலங்களிலிருந்து எழும் கந்தக வாயுதான் காரணம். அதை உண்டாக்கவென்றே தனி நொதியம் ஒன்று இருப்பதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2002-ல் கண்டுபிடித்தார்கள். அரை மணி நேரம் பிரிட்ஜில் வைத்து, கூரான கத்தியால் வெட்டினால் வாயு குறையும். வேர்ப்பக்கத்தைக் கடைசியில் வெட்டுங்கள்.

வெட்டும் திசைக்கும் வேலை இருக்கிறது. வேரிலிருந்து கழுத்துக்கு நீளவாக்கில் வெட்டிய துண்டு வடிவம் மாறாமல் நிற்கும். பிரியாணிக்கும் சம்பலுக்கும் அது. குறுக்கே வளையமாக வெட்டியது சீக்கிரம் கரையும். குழம்புக்கும் சூப்புக்கும் அது. மிக்சியில் பச்சையாக அரைப்பதை மட்டும் தவிருங்கள், கசப்பு ஏறும். விழுது வேண்டுமென்றால் வதக்கிய பிறகு அரையுங்கள்.

பொன்னிறமாக வதக்க ஐந்து நிமிடம் என்று சில குறிப்புகள் சொல்லும். அதை நம்ப வேண்டாம். ஒரு கிலோ வெங்காயம் உண்மையாகச் சிவக்க 45 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம் பிடிக்கும். அகலமான, அடி தடித்த தாச்சியில் மூன்று மேசைக்கரண்டி எண்ணெய் விட்டு, வெங்காயமும் ஒரு தேக்கரண்டி உப்பும் போட்டு, முதல் பத்து நிமிடம் மூடி வையுங்கள். நீர் விடும். பிறகு மூடியை எடுத்து, நடுத்தரத்துக்குக் கொஞ்சம் குறைந்த நெருப்பில், அடி பிடிக்கும்போது இரண்டு கரண்டி தண்ணீர் தெளித்துச் சுரண்டிக் கலந்துகொண்டே இருங்கள். கால் பங்காகச் சுருங்கித் தேன் நிறமாகும். அதை ஐஸ் அச்சில் போட்டு உறையவைத்தால், வேலைநாள் இரவில் இரண்டு கட்டி எடுத்துப் போட்டவுடன் கறிக்கு அடித்தளம் தயார். சுண்டிய இறைச்சிச் சூப் போன்ற ஒரு சுவை இதிலிருந்து வருவதை மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவர்கள் நன்றாகப் பயன்படுத்தலாம். கறிக்குப் போடும்போது, இனிப்பு ஏறியிருப்பதால் பழப்புளியோ தேசிக்காயோ வழக்கத்தைவிடச் சற்றுக் கூட்டுங்கள்.

பிரியாணிக்குப் பொரிக்கும்போது உப்புப் போடாமல், 3 மில்லிமீற்றர் தடிப்பில் வெட்டி, காகிதத் துவாயில் கொஞ்சம் உலரவிட்டுப் பொரியுங்கள். நீர் குறைந்த வெங்காயமாதலால் மொறுமொறுப்பு விரைவில் வரும், கருகுவதும் விரைவு. இளம் பொன்னிறத்திலேயே எடுத்துவிடுங்கள், வெளியே வந்த பிறகும் நிறம் ஏறும்.

இந்த வெங்காயத்துக்கென்றே அமைந்தது சீனிச் சம்பல். ஒரு கிலோவை நீளவாக்கில் மெல்லிதாக வெட்டுங்கள். ஐந்து மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெயில் ஒரு துண்டு கறுவா, நான்கு ஏலக்காய், நான்கு கராம்பு, ஒரு கைப்பிடி கறிவேப்பிலை, ஒரு துண்டு ரம்பை போட்டு மணம் வந்ததும் வெங்காயத்தையும் உப்பையும் சேருங்கள். மேலே சொன்னபடி மெதுவாக, ஆனால் முழுக்கச் சிவக்கும் வரை போகாமல், இலேசான பழுப்பில் நிறுத்துங்கள். அதில் இரண்டு மேசைக்கரண்டி இடித்த செத்தல் மிளகாய், இரண்டு மேசைக்கரண்டி மாசி (மாலைதீவுக் கருவாடு) தூள் போட்டு ஐந்து நிமிடம் கிண்டுங்கள். ஒன்றரை மேசைக்கரண்டி கெட்டிப் பழப்புளிக் கரைசல் விட்டு, எண்ணெய் பிரிந்து வரும்போது ஒரு மேசைக்கரண்டி சீனி. சிவப்பு வெங்காயத்துக்குப் போடும் அளவு சீனி இதற்கு வேண்டாம். ருசி பார்த்துத்தான் கூட்ட வேண்டும். ஆறவிட்டுச் சுத்தமான போத்தலில் அடைத்தால் பிரிட்ஜில் இரண்டு கிழமை இருக்கும். மாசி வேண்டாமென்றால் விட்டுவிடலாம், அப்போது புளியை அரைக் கரண்டி குறையுங்கள்.

உரித்த வெளித்தோலைச் சுத்தமானது என்றால் எறிய வேண்டாம். ரசத்துக்கோ சூப்புக்கோ வைக்கும் அவியல் நீரில் ஒரு பிடி போட்டு வடித்தெடுத்தால் நல்ல தங்க நிறம் வரும். தோலில் கறுப்புத் தூள் படிந்திருந்தால் அது பூஞ்சை. வெளி அடுக்கோடு நின்றால் உரித்துக் கழுவிச் சமைக்கலாம், உள் அடுக்குக்கும் இறங்கியிருந்தால் எறிந்துவிடுங்கள்.

மார்ச் வந்ததும் கோல்ட் ரூமில் இருப்பவையும் முளைக்கத் தொடங்கும். முளைத்தது கெட்டதல்ல. உறுதியாக இருக்கும் வரை, நடு முளையைத் தாளாக நறுக்கிப் போட்டு, சுற்றியுள்ள சதையைச் சமைக்கலாம். சதையின் இனிப்பை முளை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், ஆகவே நாட்கடத்த வேண்டாம். நான்கைந்து முளைப்பதைக் கண்டவுடன் மிச்சம் முழுவதையும் ஒரே நாளில் உரித்து, பெரிய தாச்சியில் வதக்கி, அச்சுகளில் ஊற்றிப் பிரீசருக்குள் வைத்துவிடுங்கள்.